ஸ்டேக்கில் ஒரு மெம்பரை மட்டும் சோதிப்பது எப்படி: சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களுக்கான வழிகாட்டி

மூன்றாவது மாடியில் நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார். லாகின் செய்து "ஷோ ப்ராசஸஸ் சிபியு" அடிக்கிறீர்கள். சிபியு எட்டு சதவீதம். மெமரி தாராளம். லாகில் ஒன்றும் இல்லை. "ஸ்விட்ச்சில் பிரச்சினை இல்லை" என்று டிக்கெட்டை மூடுகிறீர்கள். மறுநாள் அதே புகார் திரும்பி வருகிறது.

நீங்கள் பார்த்தது முதல் ஸ்விட்ச்சின் சிபியு. புகார் வந்த போர்ட் இருப்பது மூன்றாவது ஸ்விட்ச்சில். ஸ்டேக் என்பது பல ஸ்விட்ச்களைக் கேபிளால் இணைத்து ஒரே ஸ்விட்ச் போல ஓட்டுவது; அதில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒரு மெம்பர். வெளியே பார்த்தால் ஒரே பெயர், ஒரே ஐபி, ஒரே கன்ஃபிக். ஆனால் உள்ளே ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சிபியு, தனி மெமரி, தனி ஏஸிக் (பாக்கெட்டை அனுப்பும் சிப்), தனி ஃப்ளாஷ். வீட்டுக்குப் பெரியவர் வாசலில் நின்று எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற மாதிரிதான் ஆக்டிவ் ஸ்விட்ச் (ஸ்டேக்கை நிர்வகிக்கும் பெட்டி, இங்கே அந்த முதல் ஸ்விட்ச்) பேசும். உள்ளே யாருக்குக் காய்ச்சல் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் தெரியும். அப்படிக் கேட்கும் முறைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கமாண்ட்களை உச்சரிப்பது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எங்காவது சந்தேகம் வந்தால் பாதி கமாண்டுக்குப் பின் கேள்விக்குறி போடுங்கள், உங்கள் வெர்ஷன் எதை ஏற்கும் என்று ஸ்விட்ச்சே காட்டிவிடும். எண் 2 என்று வரும் இடத்திலெல்லாம் உங்கள் மெம்பர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்தக் குடும்பம் என்று முதலில் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் கமாண்டை அடித்து "இன்வேலிட் இன்புட்" வாங்குபவர்களில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். கேட்டலிஸ்ட் ஸ்டேக்கில் இரண்டு குடும்பம் உண்டு.

பழைய ஐஓஎஸ் (சிஸ்கோ ஸ்விட்ச்சின் இயங்குதளம்): 3750, 3750-எக்ஸ், 2960-எஸ், 2960-எக்ஸ். இவற்றில் ஒவ்வொரு மெம்பரிலும் ஐஓஎஸ் ஓடுகிறது. அதனால் ஒரு மெம்பருக்குள் நுழைந்து அங்கேயே கமாண்ட் ஓட்டலாம்.

ஐஓஎஸ் எக்ஸ்ஈ: 3850, 9200, 9300. இங்கே ஐஓஎஸ் என்பது லினக்ஸ் மேல் ஓடும் ஒரு ப்ராசஸ். அது ஆக்டிவிலும், ஆக்டிவ் விழுந்தால் பொறுப்பேற்கும் ஸ்டாண்ட்பையிலும்தான் ஓடும். மற்ற மெம்பர்களில் ஹார்ட்வேரை ஓட்டும் ப்ராசஸ்கள் மட்டும். ஆகவே உள்ளே நுழைவதைவிட, ஆக்டிவில் இருந்தபடியே கமாண்டுக்குள் "ஸ்விட்ச் 2" என்று சேர்த்துக் கேட்பதுதான் வழி.

"ஷோ வெர்ஷன்" முதல் சில வரிகளிலேயே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

2. உட்காரும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

எனேபிள் உரிமை, அதாவது லெவல் 15 லாகின், கட்டாயம். ரீட்-ஒன்லி அக்கவுண்டில் கீழே உள்ளவற்றில் பாதி ஓடாது. ஒவ்வொரு மெம்பரின் சீரியல் எண், சர்வீஸ் கான்ட்ராக்ட் விவரம், ரேக்கில் எது மேலே எது கீழே என்ற படம், ஒரு கன்சோல் கேபிள் (9600 வேகம்) ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும்.

கன்சோல் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்றாவது ஸ்விட்ச்சின் கன்சோல் போர்ட்டில் கேபிள் செருகினால் மூன்றாவது ஸ்விட்ச்சோடு பேசுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்டேக் சரியாகச் சேர்ந்திருக்கும்போது எந்த மெம்பரில் செருகினாலும் வருவது ஆக்டிவின் கமாண்ட் லைன்தான்.

செஷன் தொடங்கியதும் இரண்டு கமாண்ட் அடித்துவிடுங்கள்: "டெர்மினல் லெங்த் 0", "டெர்மினல் எக்ஸெக் ப்ராம்ப்ட் டைம்ஸ்டாம்ப்". முதலாவது பக்கம் பக்கமாக நிற்காமல் ஓடவிடும். இரண்டாவது ஒவ்வொரு ஷோ கமாண்டுக்கும் மேலே நேரத்தையும் சிபியு அளவையும் அச்சிடும். டெர்மினல் சாஃப்ட்வேரில் லாகை ஃபைலில் சேமிக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். ஏறிக்கொண்டே போகும் கவுண்டரை ஒருமுறை பார்த்துப் பயனில்லை. இரண்டு முறை, நடுவில் எத்தனை நொடி என்ற கணக்கோடு பார்த்தால்தான் அது சாட்சி.

3. எண்ணையும் பெட்டியையும் பொருத்துங்கள்

"ஷோ ஸ்விட்ச்" அடியுங்கள். மெம்பர் எண், ரோல், மேக் முகவரி, ப்ரையாரிட்டி, நிலை எல்லாம் ஒரே அட்டவணையில் வரும். நிலை "ரெடி" என்று இருக்க வேண்டும். "வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்றால் அந்தப் பெட்டியில் ஓடும் சாஃப்ட்வேர் வேறு. "ப்ரொவிஷன்ட்" என்றால் கன்ஃபிக்கில் இடம் இருக்கிறது, பெட்டி இல்லை. "ரிமூவ்ட்" என்றால் முன்பு இருந்தது, இப்போது ஸ்டேக்கில் இல்லை.

போர்ட் எண்ணில் முதல் இலக்கம்தான் மெம்பர் எண்: ஜிஐ2/0/7 என்றால் மெம்பர் 2, போர்ட் 7. ரேக்கில் மேலிருந்து இரண்டாவது என்று அர்த்தம் இல்லை. ஸ்டேக் கட்டியவர் பெட்டிகளுக்கு எந்த வரிசையில் பவர் கொடுத்தாரோ, எந்தப் பெட்டி முன்பு வேறு ஸ்டேக்கில் இருந்து பழைய எண்ணோடு வந்ததோ, அதைப் பொறுத்து எண் மாறியிருக்கும்.

நேரில் பார்த்து உறுதி செய்ய, 3750 வகையில் முன்பக்க மோட் பட்டனை அழுத்தி ஸ்டேக் விளக்குக்கு வாருங்கள். போர்ட் விளக்குகளில் அந்தப் பெட்டியின் சொந்த எண் மட்டும் மினுக்கும், மற்ற மெம்பர்களின் எண்கள் நிலையாக எரியும். 9300-ல் நீல நிற பீக்கன் விளக்கை கமாண்டிலிருந்தே எரியவிடலாம். "ஹெச்டபிள்யூ-மாட்யூல் பீக்கன்" என்று தொடங்கிக் கேள்விக்குறி போடுங்கள். தவறான பெட்டியின் பவர் கார்டை உருவிய கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

எண் வரிசை அழகாக இல்லை என்று "ரீநம்பர்" செய்ய ஆசைப்படாதீர்கள். புது எண் அந்தப் பெட்டி ரீலோட் ஆன பிறகுதான் வரும். பழைய எண்ணில் எழுதிய போர்ட் கன்ஃபிக் கூடவே வராது.

4. ஸ்டேக் கேபிளை முதலில் சந்தேகப்படுங்கள்

ஒரு மெம்பர் மட்டும் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது என்றால், அதன் உள்ளே போகும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். "ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் சம்மரி" ஒவ்வொரு பெட்டியின் இரண்டு ஸ்டேக் போர்ட்டையும் காட்டும். "ஓகே" என்றால் சரி. "ஆப்சென்ட்" என்றால் கேபிளே தெரியவில்லை. "டவுன்" என்றால் கேபிள் இருக்கிறது, எதிர்ப்பக்கம் பதில் இல்லை, அல்லது யாரோ போர்ட்டை டிசேபிள் செய்திருக்கிறார்கள்.

இதே அட்டவணையில் "சேஞ்சஸ் டு லிங்க் ஓகே" என்ற பத்தி இருக்கும். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒன்று, இரண்டு என்று நின்றிருந்தால் கவலை இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது கூடியிருந்தால் அந்தக் கேபிள் அல்லது கனெக்டர் ஆடுகிறது. பெரும்பாலும் திருகு சரியாக இறுகாததுதான் காரணம். கேபிள் ட்ரே கனமாகத் தொங்கி இழுப்பதும் உண்டு.

அடுத்து "ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-ரிங் ஸ்பீட்". "ஃபுல்" என்று வர வேண்டும். "ஹாஃப்" என்றால் ஸ்டேக் கேபிள்கள் சேர்ந்து அமைக்கும் வளையம் எங்கோ அறுந்திருக்கிறது, வேகம் பாதி. 9300-ல் 480ஜி வர வேண்டிய இடத்தில் 240ஜி வரும். 3750-ல் 32ஜி இருந்த இடத்தில் 16ஜி. நெட் நிற்காது என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. வளையம் முழுதாக இருக்கும்போது ஒரு கேபிளைக் கழற்றி மாட்டலாம், ட்ராஃபிக் மறுபக்கம் சுற்றிப் போகும். ஏற்கெனவே ஹாஃப் ஆக இருக்கும் ஸ்டேக்கில் நல்ல கேபிளைக் கழற்றினால் ஸ்டேக் இரண்டாகப் பிளக்கும். இரண்டு துண்டும் அதே ஐபியோடு, அதே கன்ஃபிக்கோடு தனித்தனி ஆக்டிவ் வைத்து ஓடும். பதறிப்போய்த் திரும்ப மாட்டினால், யார் ஆக்டிவ் என்ற போட்டியில் தோற்ற துண்டில் உள்ள ஸ்விட்ச்கள் எல்லாம் ரீலோட் ஆகும். எந்தக் கேபிள் கெட்டது என்று சம்மரி அட்டவணையில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள். அதுவும் வேலை நேரம் முடிந்த பின்.

3850, 9300 வகைகளுக்கு ஸ்டேக் கேபிள் 50 செ.மீ., 1 மீ., 3 மீ. நீளங்களில் வருகிறது. கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்குத் திரும்பும் கேபிளுக்குத்தான் நீளமானது தேவை. ஒரு ஸ்பேர் வாங்கி வைக்கும்போது அந்த நீளத்தில் வாங்குங்கள். நீண்டது குட்டை இடத்திலும் உதவும், குட்டை நீண்ட இடத்தில் உதவாது.

5. பழைய ஐஓஎஸ்ஸில் மெம்பருக்குள் கேட்பது

இரண்டு வழி. ஒரே ஒரு கேள்விதான் என்றால்:

"ரிமோட் கமாண்ட் 2 ஷோ ப்ராசஸஸ் சிபியு சார்ட்டட்"

ஆக்டிவில் இருந்தபடியே மெம்பர் 2-ன் பதில் வரும், மேலே ஸ்விட்ச் எண்ணோடு. எண்ணுக்குப் பதில் "ஆல்" போட்டால் எல்லா மெம்பரும் வரிசையாகப் பதில் சொல்லும். நான்கு பெட்டிகளை ஒப்பிட்டு எது விலகி நிற்கிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. சிபியு, "ஷோ மெமரி", "ஷோ ப்ளாட்ஃபார்ம் டிகாம் யூட்டிலைசேஷன்", "ஷோ ப்ளாட்ஃபார்ம் போர்ட்-ஏஸிக் ஸ்டாட்ஸ் ட்ராப்" ஆகியவற்றை இப்படிக் கேளுங்கள். டிகாம் என்பது ஏஸிக் தன் விதிகளையும் முகவரிகளையும் தேடும் மெமரி. கடைசியாகச் சொன்னது, க்யூ நிரம்பி பாக்கெட் எங்கே விழுகிறது என்று காட்டும்.

பல கேள்வி இருந்தால் உள்ளே போய்விடுங்கள்: "செஷன் 2". ப்ராம்ப்ட்டில் பெயருக்குப் பின் "-2" ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஷோவும் டீபக்கும் மட்டும்தான். கன்ஃபிக் செய்ய முடியாது, அது எப்போதும் ஆக்டிவின் வேலை. முடிந்ததும் "எக்ஸிட்". ப்ராம்ப்ட்டைப் பார்க்காமல் அடிப்பவர்கள் மெம்பருக்குள் நின்றுகொண்டு "கன்ஃபிக் மோட் வரவில்லை, பாஸ்வேர்டு உரிமை போய்விட்டது" என்று அலறுவார்கள்.

"ஹல்க் எல்இடி" என்ற ப்ராசஸ் 2960-எக்ஸில் சிபியு பட்டியலில் மேலே நிற்கும். போர்ட் விளக்குகளைக் கவனிக்கும் ப்ராசஸ் அது, எப்போதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். அதைக் குற்றவாளியாக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

6. ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் கேட்பது

முதலில் மேலோட்டமாக எல்லாப் பெட்டியையும் பாருங்கள்:

"ஷோ ப்ளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர் ஸ்டேட்டஸ் கன்ட்ரோல்-ப்ராசஸர் ப்ரீஃப்"

1-ஆர்பி0, 2-ஆர்பி0 என்று மெம்பர் வாரியாக லோடு, மெமரி, சிபியு வரும். எந்த வரி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லையோ அங்கே இறங்குங்கள்:

"ஷோ ப்ராசஸஸ் சிபியு ப்ளாட்ஃபார்ம் சார்ட்டட் லொகேஷன் ஸ்விட்ச் 2 ஆர்0"

வெறும் "ஷோ ப்ராசஸஸ் சிபியு" இங்கே காட்டுவது ஆக்டிவில் உள்ள ஐஓஎஸ் ப்ராசஸை மட்டும். தொடக்கத்தில் சொன்ன எட்டு சதவீதம் அப்படி வந்ததுதான்.

ஏஸிக் பக்கம் போனால் எல்லாம் "ஃபெட்" (ஏஸிக்கை ஓட்டும் சாஃப்ட்வேர்) வழியாக. டிகாம் நிரம்பியதா என்று பார்க்க "ஷோ ப்ளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் ஃபெட் ஸ்விட்ச் 2 எஃப்டபிள்யூடி-ஏஸிக் ரிசோர்ஸ் டிகாம் யூட்டிலைசேஷன்". போர்ட்டின் க்யூவில் ட்ராப் பார்க்க "ஷோ ப்ளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் ஃபெட் ஸ்விட்ச் 2 க்யூஓஎஸ் க்யூ ஸ்டாட்ஸ் இன்டர்ஃபேஸ் ஜிஐ2/0/7". சிபியுவுக்கு என்ன வகை பாக்கெட் ஏறுகிறது என்று பார்க்க "ஷோ ப்ளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர் ஃபெட் ஸ்விட்ச் 2 பன்ட் காஸ் சம்மரி".

இங்கே ஒரு பழக்கக் கோளாறு. உதாரணங்களில் எல்லாம் "ஸ்விட்ச் ஆக்டிவ்" என்றே எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நகலெடுத்து, மெம்பர் 3-ல் உள்ள போர்ட்டுக்கு மெம்பர் 1-ன் ஏஸிக்கிடம் பதில் கேட்பார்கள். பிழை வராமல் பதில் வந்துவிடுவதுதான் ஆபத்து. போர்ட் எண்ணின் முதல் இலக்கமும் கமாண்டில் உள்ள ஸ்விட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

7. மெம்பருக்குள் போகாமலே கிடைப்பவை

எல்லாவற்றுக்கும் உள்ளே போகத் தேவையில்லை. "ஷோ இன்டர்ஃபேஸ்", "ஷோ இன்டர்ஃபேஸஸ் கவுண்டர்ஸ் எரர்ஸ்", "ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈதர்நெட்-கன்ட்ரோலர் ஜிஐ2/0/7", மேக் டேபிள் எல்லாம் ஆக்டிவில் இருந்தே எந்தப் போர்ட்டுக்கும் வரும். சுவருக்குள் ஓடும் கேபிளைச் சந்தேகித்தால் "டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர் இன்டர்ஃபேஸ் ஜிஐ2/0/7" அடித்துச் சில நொடி பொறுத்து, அதே வரியில் டெஸ்ட்டுக்குப் பதில் ஷோ போட்டுப் பாருங்கள். செம்புப் போர்ட்டுக்கு மட்டும். சோதனை நேரத்தில் அந்த இணைப்பு ஒரு கணம் விட்டுப்போகலாம், எதிரே இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

போன், கேமரா, ஆக்சஸ் பாயின்ட் எரியவில்லை என்றால் "ஷோ பவர் இன்லைன் மாட்யூல் 2". பிஓஈ (நெட் கேபிள் வழியே கொடுக்கும் மின்சாரம்) கணக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. ஸ்டேக்பவர் கேபிள் போட்டிருந்தால் ஒழிய ஒரு பெட்டியின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகாது. 370 வாட் உள்ள 2960-எக்ஸ் 48 போர்ட் பெட்டியில், போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் ஒதுக்கினால் 24 போர்ட்டோடு தீர்ந்துவிடும். இருபத்தைந்தாவது போர்ட்டில் "பவர்-டினை" வருவது பழுது அல்ல, கணக்கு. பக்கத்துப் பெட்டியில் இடம் இருந்தால் பேட்ச் கார்டை அங்கே மாற்றுங்கள், செலவில்லாமல் முடியும்.

வெப்பம், ஃபேன், பவர் சப்ளைக்கு "ஷோ என்வ் ஆல்". பழைய ஐஓஎஸ்ஸில் ஒரு மெம்பருக்கு மட்டும் "ஷோ என்வ் ஸ்டேக் 2".

8. ஒரு மெம்பர் தானாக ரீபூட் ஆனால்

9300-ல் "ஷோ வெர்ஷன்" வெளியீட்டின் கடைசிவரை போங்கள். மேலே உள்ள அப்டைமும் ரீலோட் காரணமும் ஆக்டிவுக்கு உரியவை. கீழே "ஸ்விட்ச் 02" என்ற தலைப்பில் அந்தப் பெட்டியின் அப்டைமும் கடைசி ரீலோட் காரணமும் தனியாக இருக்கும். பவர் போயிற்றா, சாஃப்ட்வேர் விழுந்ததா என்று இங்கேயே பாதி விடை. "ஷோ லாகிங் ஆன்போர்ட் ஸ்விட்ச் 2 அப்டைம் டீடெய்ல்" பழைய ரீலோட்களின் வரலாறு தரும்.

பழைய ஐஓஎஸ்ஸில் லாகைப் படிக்கும்போது வரியின் முடிவைப் பாருங்கள். மெம்பரிடமிருந்து வந்த செய்தியாக இருந்தால் ஹோஸ்ட்நேமும் மெம்பர் எண்ணும் அடைப்புக்குறிக்குள் ஒட்டியிருக்கும்.

க்ராஷ் ஃபைல் அந்தந்தப் பெட்டியின் ஃப்ளாஷில்தான் விழும். "டைர் க்ராஷ்இன்ஃபோ:" அடித்துக் காலியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அது ஆக்டிவின் பெட்டகம். எக்ஸ்ஈயில் "டைர் க்ராஷ்இன்ஃபோ-2:", "டைர் ஃப்ளாஷ்-2:" என்று நடுவில் கோடு வேண்டும். 3750-ல் "டைர் ஃப்ளாஷ்2:", கோடு கிடையாது. எக்ஸ்ஈயில் "சிஸ்டம்-ரிப்போர்ட்" என்று தொடங்கும் ஃபைல் கிடைத்தால் உடனே வெளியே காப்பி செய்யுங்கள். பெட்டி மாற்றப் போனால் அது பெட்டியோடு போய்விடும்.

9. டீபக் போடும்போது

பழைய ஐஓஎஸ்ஸில் ஆக்டிவில் டீபக் போட்டால் அது ஆக்டிவில் மட்டும்தான் ஆன் ஆகும். மெம்பர் 2-ல் வேண்டுமென்றால் "செஷன் 2" மூலம் உள்ளே போய்ப் போடுங்கள், அல்லது "ரிமோட் கமாண்ட் 2" முன்னால் சேர்த்துப் போடுங்கள். எங்கே ஆன் செய்தீர்களோ அங்கேயே போய் ஆஃப் செய்து, "ஷோ டீபக்கிங்" அடித்து ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள். மெம்பரில் மறந்துவிட்ட டீபக் அந்தப் பெட்டியின் சிபியுவைத் தின்றுகொண்டே இருக்கும். ஆக்டிவில் பார்ப்பவருக்குத் தெரியாது. பகல் நேரத்தில் "டீபக் ஆல்" என்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

10. ஒரு மெம்பரை மட்டும் ரீலோட் செய்வது

"ரீலோட் ஸ்லாட் 2". அவ்வளவுதான். "ரீலோட்" என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் மொத்த ஸ்டேக்கும் போய்விடும். உறுதி கேட்கும் கேள்வியைப் படிக்காமல் இரண்டு முறை என்டர் தட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அடிக்கும் முன் கன்ஃபிக்கைச் சேமியுங்கள். அந்த மெம்பரில் அப்லிங்க் (மேல் நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) இருக்கிறதா, இருந்தால் ஈதர்சேனலின் (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டியதன்) இன்னொரு கால் வேறு மெம்பரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி முழுதாக எழுந்து ஸ்டேக்கில் சேரப் பல நிமிடம் ஆகும். பிஓஈ போன்களும் கேமராக்களும் அதன் பிறகுதான் எழும். அரைமணி நேர மெயின்டெனன்ஸ் அனுமதி வாங்குங்கள், பத்து நிமிடத்துக்கு வாங்கிவிட்டு விளக்கம் எழுத வேண்டாம்.

11. சப்போர்ட் கேஸ் போடும்போது

சர்வீஸ் கான்ட்ராக்ட் ஸ்டேக்குக்கு அல்ல, ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணுக்கும் தனித்தனி. "ஷோ இன்வென்டரி"யின் முதல் வரியில், 9300-ல், ஸ்டேக் என்ற பெயரில் வரும் சீரியல் ஆக்டிவுடையது. அதைக் கொடுத்துக் கேஸ் திறந்தால் நல்ல பெட்டிக்கு மாற்று அனுப்பும் காகித வேலை தொடங்கிவிடும். கீழே "ஸ்விட்ச் 2" என்ற வரியின் சீரியலைக் கொடுங்கள். அதற்கும் கீழே வருவன பவர் சப்ளை, நெட்வொர்க் மாட்யூல் ஆகியவற்றின் சீரியல்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அனுப்ப வேண்டியவை: "ஷோ டெக்-சப்போர்ட் | ரீடைரக்ட் ஃப்ளாஷ்:டெக்.டிஎக்ஸ்டி" செய்த ஃபைல், அந்த மெம்பரின் க்ராஷ் ஃபைல், நேரத்தோடு இரண்டு முறை எடுத்த கவுண்டர்கள், ஸ்டேக்-போர்ட் சம்மரி. டெக்-சப்போர்ட் ஓடி முடியச் சில நிமிடம் பிடிக்கும், சிபியுவும் ஏறும். காலை பத்து மணிக்கு ஓட்டாதீர்கள்.

மாற்றுப் பெட்டி வந்ததும் அப்படியே செருகாதீர்கள். தனியாக எழுப்பி, மற்றவற்றில் உள்ள அதே சாஃப்ட்வேர் வெர்ஷன், அதே லைசென்ஸ் நிலை (எசென்ஷியல்ஸ் அல்லது அட்வான்டேஜ்) வைத்து, பழைய மெம்பர் எண்ணைக் கொடுத்து, பவரை அணைத்து, ஸ்டேக் கேபிள்களை மாட்டி, அதன்பின் ஆன் செய்யுங்கள். பவர் ஓடும் பெட்டியில் கேபிளை மாட்டினால் நான்காம் பகுதியில் சொன்ன ரீலோட் சிக்கல் வரும்.

12. வேறு கம்பெனி ஸ்டேக் என்றால்

ஜூனிபர் ஈஎக்ஸில் "ஷோ விர்ச்சுவல்-சேஸிஸ்" பார்த்து, "ரிக்வெஸ்ட் செஷன் மெம்பர் 2" மூலம் உள்ளே போகலாம். பல ஷோ கமாண்ட்களின் முடிவில் "மெம்பர் 2" சேர்த்தாலே போதும். அங்கே எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும், மெம்பர் 2 என்பது மூன்றாவது எண். "ரிக்வெஸ்ட் சிஸ்டம் ரீபூட்" அடிக்கும்போதும் "மெம்பர் 2" சேர்க்க மறக்காதீர்கள், விட்டால் எல்லாம் சேர்ந்து விழும். ரக்கஸ் ஐசிஎக்ஸில் "ஆர்கன்சோல் 2", எக்ஸ்ட்ரீம் எக்ஸ்ஓஎஸ்ஸில் "டெல்நெட் ஸ்லாட் 2".